மைனா கொண்டுவந்த குரல்கள்

ஒரு காட்டில் சிங்கராஜா யாரும் இல்லை, கண்ணுகளா. ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. ஓடைக்கரை மருத மரத்தடியில் அது நடந்தது. அதன் தலைமை ஆசிரியை கனகவல்லி என்கிற யானை. அவளுக்கு உடம்புதான் பெரிது, மனசு பஞ்சு. ஒரு பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் போதும், அன்றைக்கு அவளுக்குத் தழை இறங்காது.

காலையில் சாமி கும்பிட்டதும் கனகவல்லி பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவாள். மான்குட்டி, கீரிக்குட்டி, முள்ளம்பன்றிக்குட்டி, முயல்குட்டி தும்பை, எல்லாரும் அவரவர் குரலில் "இருக்கேன் டீச்சர்" என்பார்கள். கடைசிக் குரலையும் காதால் கேட்ட பிறகுதான் பாடம் தொடங்கும்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. ஒருவர் மூச்சு பட்டால் அடுத்தவருக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் ஒரு கிழநரி செத்துப்போனது. பிறகு நல்ல திடமான காட்டெருமை ஒன்று. காடே பயந்து போயிற்று.

கனகவல்லி பெற்றவர்களைத் தூரத் தூர நிற்க வைத்துச் சொன்னாள். "இனிமேல் ஒரு பிள்ளையும் வீட்டை விட்டு வர வேண்டாம். பாடம் உங்களைத் தேடி வரும்."

"எப்படி வரும்? அதுக்குக் காலா முளைச்சிருக்கு?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார் குரங்கு. யாரையும் குத்திப் பேசாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"கால் இல்லை சார், இறக்கை இருக்கு," என்றாள் கனகவல்லி. மலை மைனா பூரணியைக் கூப்பிட்டாள்.

பூரணி ஒரு குரலைக் கேட்டால் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வாள். அன்றிலிருந்து யானையின் பாடத்தை யானையின் குரலிலேயே வீடு வீடாகக் கொண்டுபோனாள். அத்தனை சின்ன அலகிலிருந்து அத்தனை பெரிய குரல் வருவதைக் கேட்டுப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு பிள்ளையின் "இருக்கேன் டீச்சர்" என்ற குரலையும் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கேட்டுத்தான் கனகவல்லி உயிரோடு இருந்தாள் என்றே சொல்லலாம்.

ஒரு நாள் பூரணி வந்து, "கீரிக்குட்டி பதில் சொல்லலை டீச்சர்," என்றாள்.

கனகவல்லி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "பதில் சொல்லலையா? நீ சரியாக் கூப்பிட்டியா? புதர்கிட்டே போனியா, இல்லை மேலேயே பறந்துட்டு வந்துட்டியா?" கண்ணிலிருந்து மாலை மாலையாகத் தண்ணீர். அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

கடைசியில் பார்த்தால், கீரிக்குட்டி அன்றைக்குப் பாறை இடுக்கில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பெரிய சேதிக்காரி வந்துட்டா. ஒரு தூங்குமூஞ்சிக்காக டீச்சரை இப்படி அழ வச்சிட்டியே, பூரணி," என்றார் குரங்கு வாத்தியார்.

பூரணிக்கு மனசு சுருங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவள் முயல் வளைக்கு முன்னால் இறங்கினாள். காய்ச்சல் உள்ளே வராதிருக்கட்டும் என்று தும்பையின் அம்மா மண்ணைத் தள்ளி வளை வாசலை அடைத்திருந்தாள். பூரணி கூப்பிட்டாள். சத்தம் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்போதும் இல்லை.

'இதைப் போய்ச் சொன்னால் டீச்சர் மறுபடியும் பட்டினி கிடப்பாங்க. தூங்குறாங்களோ என்னவோ, நாளைக்குப் பதில் சொல்லுவாங்க,' என்று நினைத்துக்கொண்டாள். மருத மரத்துக்குத் திரும்பியதும், தும்பையின் குரலைத் தன் தொண்டையிலிருந்தே எடுத்து, "இருக்கேன் டீச்சர்," என்றாள்.

"என் தங்கம்," என்று கனகவல்லி சிரித்தாள். தழையை ஒடித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் அந்த வளைப்பக்கம் போகவே பூரணிக்குப் பயமாக இருந்தது. உள்ளே காய்ச்சல் இருந்துவிட்டால்? அதைவிட, ஒன்றுமே இல்லாமல் போயிருந்தால்? அவள் வேறு வழியாகப் பறந்தாள். ஆனால் தும்பையின் குரல் மட்டும் தினமும் வந்து சேர்ந்தது. நாளாக நாளாக அது இன்னும் கொஞ்சம் உற்சாகமாகவே வந்தது.

கனகவல்லி தினமும் சாமிக்கு நன்றி சொன்னாள். மண்ணடைத்த வளையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பூரணிக்கே தொண்டை கரகரத்தது. வழக்கம்போல அவள் எட்டத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து குரல்களைக் கொடுத்தாள். மான்குட்டியின் குரல் "இருக்கேன் டீச்சர், லொக், லொக்," என்றது. கீரிக்குட்டியின் குரலிலும் லொக், லொக். முள்ளம்பன்றி, தும்பை, எல்லார் குரலிலும் லொக், லொக்.

கனகவல்லிக்குத் தலை சுற்றியது. "கடவுளே, என் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வந்துடுச்சா?"

"கொஞ்சம் இருங்க டீச்சர்," என்றார் மேல் கிளையிலிருந்த குரங்கு வாத்தியார். "மானும் கீரியும் முள்ளம்பன்றியும் ஒரே மாதிரி இருமுமா? இருமுறது பிள்ளைங்க இல்லை, நம்ம பூரணி."

கனகவல்லி நீளமாக மூச்சு விட்டாள். "பூரணி, உனக்காம்மா உடம்பு சரியில்லை? அப்போ தொண்டையைப் போட்டு வருத்தாதே. குரல் எதுவும் வேண்டாம். உன் பேச்சிலேயே மெதுவா சொல்லு. மான்குட்டி என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

"வாய்ப்பாட்டைப் பாதியிலே மறந்துட்டு முழிச்சான்."

"கீரி?"

"அவங்க அம்மாகிட்டே அடி வாங்கிக்கிட்டிருந்தான்."

"வாங்கட்டும். தும்பை?"

பூரணி அலகால் சிறகைக் கோதத் தொடங்கினாள்.

"தும்பை என்ன பண்ணிக்கிட்டிருந்தா, பூரணி? சாப்பிட்டாளா? விளையாடிட்டிருந்தாளா?"

அந்தக் குரலை எடுத்துவிட்டால் பூரணியிடம் தும்பையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"நான் அவளைப் பார்த்துப் பல நாளாச்சு டீச்சர்," என்றாள் பூரணி. "அன்னைக்குக் கூப்பிட்டேன், பதில் வரலை. நீங்க சாப்பிடாம இருந்துடுவீங்கன்னு நானே அவ குரல்லே சொன்னேன்."



கனகவல்லி எழுந்து நடந்தாள். முள்ளும் கொடியும் அவள் விலாவில் கிழித்தன. பூரணி தள்ளித் தள்ளிப் பறந்து வழி காட்டினாள். வளை வந்ததும் கனகவல்லியின் கால் நின்றுவிட்டது. இன்னும் ஓர் அடி வைத்தால் அவள் பாரத்தில் வளையே இடிந்து உள்ளே விழும். தன் பிள்ளையைத் தேடி வந்தவள், பக்கத்தில் போக முடியாமல் நின்றாள்.

"சாமி, என் காலை நீயே பிடிச்சுக்கோ," என்று சொல்லி அங்கேயே மண்டியிட்டாள். தும்பிக்கையை எட்டிய மட்டும் நீட்டினாள். விளக்கை ஊதுகிற மாதிரி மெல்ல ஊதி, அடைத்திருந்த மண்ணைத் துளித் துளியாகத் தள்ளினாள். "தும்பை," என்று கூப்பிட்டாள்.

ஒன்றும் இல்லை. காற்று மட்டும் வந்து போயிற்று.

மறுபடி கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து ஓர் அமுங்கிய இருமல் கேட்டது. தும்பையின் அம்மா வயிற்றால் ஊர்ந்து வாசலுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"மைனா கூப்பிட்டது கேட்டுச்சு டீச்சர். நாங்க பதில் சொன்னோம், எங்க குரல்தான் வெளியே வரலை. மண்ணைத் தள்ளவும் தெம்பு இல்லை. அப்புறம் யாராவது வருவீங்கன்னு வேரைக் கடிச்சுக்கிட்டுத் தினமும் பார்த்துக்கிட்டே இருந்தோம்."

"பிள்ளை எங்கே அம்மா?"

அவள் உள்ளே திரும்பிப் போய்க் குட்டியைத் தலையால் முட்டி முட்டி வெளியே தள்ளினாள். தும்பை கண் திறக்கவில்லை.

கனகவல்லி ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். தும்பிக்கை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குட்டியின் உதட்டில் விட்டாள். முதல் சொட்டு வழிந்து போயிற்று. இரண்டாவதும் வழிந்து போயிற்று. அப்புறம் ஒரு சின்ன நாக்கு வெளியே வந்து ஈரத்தைத் தேடியது.

கனகவல்லி அசையாமல் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும்போது தும்பை அம்மாவின் மடியில் தலையைத் தூக்கி, கொஞ்சம் அருகம்புல்லைக் கடித்தாள்.

பூரணி எட்டத்தில் ஒரு கல்லின்மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "என்னைத் திட்டுங்க டீச்சர்," என்றாள்.

"உன்னை எப்படித் திட்டுவேன்? பயந்துதானே சொன்னே. பயப்பட வச்சது நான். உடம்பு தேறினதும் மறுபடி போ. ஆனா பதில் சொல்லாத பிள்ளையோட பேரை எனக்கு முதல்லே சொல்லு."

"சொன்னா நீங்க அழுவீங்களே."

"அழுவேன்," என்றாள் கனகவல்லி. "அழுதுகிட்டே நடப்பேன்."

நீதி: கெட்ட சேதியைத் தாங்க மாட்டாத தலைவரிடம் நல்ல சேதி மட்டுமே வரும், உண்மை வராது.