ஒரு போட்டியிலும் தோற்காத தேரை

குளத்துக்கு நடுவே ஒரு பாறை இருந்தது. காட்டுக்குப் பெருமை சேர்த்தவர்களை வயதான காலத்தில் அதில் ஏற்றி உட்கார வைப்பது அங்கே வழக்கம். ஆமை முதுகில் சுமந்து கொண்டுபோய் விடும். சாப்பாடு வேளாவேளைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், சிறுத்தை அங்கே வராது. அதற்கு நனைவது பிடிக்காது.

மந்தி என்ற குரங்குக்கு அந்தப் பாறையில் ஓர் இடம் வேண்டியிருந்தது. தனக்கு இல்லை, புருஷனுக்கு.

அவள் புருஷன் கடுவன் விளாங்காய் எறிகிறவன். அந்தக் காட்டில் தோப்புக்குத் தோப்பு எறிபந்தயம் நடக்கும். ஒருவர் விளாங்காயை எறிவார். எதிர்த்தோப்புக்காரர் கழியோடு நின்று அதைத் தட்டிவிடப் பார்ப்பார். தட்ட முடியாமல் காய் பின்னால் இருக்கும் பட்டமரத்தில் பட்டால் எறிந்தவர் கட்சிக்கு வெற்றி. தோற்ற தோப்பு தன் பழத்தில் பங்கு கொடுக்க வேண்டும். கடுவன் எறிந்த காலம் முழுக்க அவன் தோப்பில் யாரும் பசி என்று வாய் திறந்ததில்லை.

எறிந்து எறிந்து அவனுக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. இப்போது மரம் ஏற முடியாது. ராத்திரியில் புதருக்குள் படுக்கிறான். மரம் ஏறாத குரங்கைச் சிறுத்தை எத்தனை நாளைக்கு விட்டுவைக்கும்? மந்தி நிம்மதியாகத் தூங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

ஆகவே விஷயம் குளக்கரைச் சபைக்கு வந்தது. இருவாட்சிப் பறவை தலைமை வகித்தது. இருப்பதிலேயே பெரிய மூக்கு அதற்குத்தான் என்பதால் அதைத் தலைவராக்கியிருந்தார்கள்.

கீரி எழுந்தது. கடுவன் மேல் அதற்கு விரோதம் எதுவும் கிடையாது. எதையாவது எதிர்த்துப் பேசினால்தான் அதற்குச் சாப்பிட்டது செரிக்கும். எல்லாத் தோப்பையும் ஜெயித்தவர் வருஷக் கடைசியில் மலைக்கரடியோடு மோதும் பெரிய பந்தயத்தை அது எல்லோருக்கும் ஞாபகப்படுத்தியது. ஒரு வருஷம் கரடி அடித்த அடியில் காய் இதே குளத்தில் வந்து விழுந்தது. இன்னொரு வருஷம் காய் கையை விட்டு நழுவி எறிந்தவன் காலிலேயே விழுந்தது. எத்தனையோ தடவை மோதியும் கரடியைக் கடுவன் ஜெயித்ததே இல்லை.

"பெரிய நாளில் கை நடுங்குகிறவனைப் பெரிய பாறையில் ஏற்றலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தது.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எல்லோரும் கண்ணால் பார்த்ததுதானே.

மற்றப் பந்தயங்களில் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று மந்தி விசாரித்தாள். மான் புல்லைப் பார்த்தது. முயல் மானைப் பார்த்தது. கரடியோடு மோதும் நாளில் மட்டும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பலாச்சுளை கொடுப்பார்கள். மற்ற நாட்களில் எதுவும் கிடையாது. அதனால் மற்ற நாட்களில் யாரும் போனதும் கிடையாது. தனக்கு அப்போதெல்லாம் கொஞ்சம் வேலை இருந்தது என்றது இருவாட்சி.

வருஷம் பூராவும் எறிந்து ஓய்ந்த கை, வருஷம் பூராவும் தேன் குடித்துப் படுத்திருந்த கரடியிடம் தோற்காமல் என்ன செய்யும் என்று மந்தி ஆரம்பித்தாள். கடுவன் அவள் வாலைப் பிடித்து இழுத்தான்.

"விடு மந்தி. தோத்தது நிஜம்தானே."

அவன் தோள் மட்டும் நன்றாக இருந்திருந்தால் அதிலேயே ஒன்று வைத்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு கீரி பக்கம் திரும்பினாள்.

"கீரித் தம்பி, பெரிய நாளில் ஒரு தடவைகூடத் தோக்காதவங்களுக்குத்தான் பாறை. அப்படித்தானே?"

"அப்படியேதான் அண்ணி."

"என் வீட்டுக்காரருக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்."

"சரி. அப்ப நான் தேரையைச் சொல்றேன். அதை ஏத்துங்க."

தேரை ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. அது எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டதில்லை. எந்த வேலைக்கும் போனதில்லை. பலாச்சுளைக்குக்கூட வெளியே வந்ததில்லை. கீரி மூளையைக் கசக்கிப் பார்த்தது. தேரை தோற்றதாக ஒரு சம்பவமும் அகப்படவில்லை. சட்டப்படி தேரையைப் பாறையில் ஏற்றினார்கள்.

சட்டப்படியே பாறையிலிருந்து மயிலை இறக்கினார்கள். வாழ்நாளெல்லாம் ஆடிய மயில், ஒரே ஒரு மழைத் திருவிழாவில் சேற்றில் வழுக்கி விழுந்திருந்தது.

செய்தி பரவியது. பெருச்சாளி வந்தது. மண்புழுக்கள் குடும்பத்தோடு வந்தன. தாங்களும் எதிலும் தோற்றதில்லை என்றன. மறுக்க வழியில்லை. மத்தியானத்துக்குள் பாறையில் கால் வைக்க இடமில்லை. முதுகு வலிக்கிறது என்று ஆமை புலம்பியது.

அடுத்ததாகக் கீரி தன் அப்பாவை அழைத்து வந்தது. ஆயுசு முழுக்கப் பாம்பு பிடித்தவர் அவர். இப்போது கண் சரியாகத் தெரியாது. வெள்ளம் வந்த வருஷம் ஒரு ராஜநாகம் மட்டும் அவரிடமிருந்து தப்பிவிட்டது.

"உங்கப்பா பெரிய நாளில் கோட்டைவிட்டவராச்சே" என்றது பெருச்சாளி, பாறையில் சாய்ந்து படுத்தபடி. "சட்டம்னா எல்லாருக்கும்தான்."

கீரி மந்தியைத் திரும்பிப் பார்த்தது. அவள் கடுவன் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மூங்கில் காட்டுப் பக்கமிருந்து சிறுத்தை உறுமுவது கேட்டது. கரையில் கடுவன், மயில், கீரியின் அப்பா. பாறையில் பெருச்சாளியும் மண்புழுக்களும் தேரையும்.

முதலில் பேசியது தேரைதான். "இந்தப் பாறை எனக்குச் சூடு தாங்கலை. நான் என்ன செஞ்சேன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. சொன்னா இருக்கேன்."

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இருவாட்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சட்டத்தில் சிறு பிழை இருப்பதாக அறிவித்தது. கீரிதான் எல்லோருக்கும் முன்னால் அதை ஆமோதித்தது. தேரை நன்றி சொல்லிவிட்டுத் தன் கல்லுக்கே போய்ச் சேர்ந்தது. மண்புழுக்களும் கலைந்தன. பெருச்சாளியை மட்டும் தள்ளி இறக்க வேண்டியிருந்தது.

மயிலுக்கும் கீரியின் அப்பாவுக்கும் பிறகு கடுவனை ஏற்றும்போது, கரடி விஷயத்தை இனி யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போடட்டுமா என்று இருவாட்சி பெருந்தன்மையாகக் கேட்டது. மந்தி வேண்டாம் என்றாள்.

"தோத்ததையும் சேர்த்தே சொல்லுங்க. ஆனா அத்தனை தோப்பையும் ஜெயிச்சதை முதல்ல சொல்லுங்க. ஜெயிக்காம இருந்திருந்தா கரடி முன்னால போய் நின்னே இருக்க மாட்டாரு."

அப்படியே முடிவாயிற்று. புதிதாக யார் வந்தாலும் கடுவன் தானே கரடிக் கதையைச் சொல்வான். வருஷத்துக்கு வருஷம் கரடி கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மந்தி திருத்தவில்லை. கரையிலிருந்த மரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருவர் பெரிய நாளில் தோற்றதைச் சொல்லிக் காட்டும் முன், அந்த நாள்வரை அவர் ஜெயித்து வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மரியாதையெல்லாம் ஒன்றுமே செய்யாதவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.