பழுப்புக் கொழுப்புக்குப் போன சேதி

மந்திக்குளத்து மினிபஸ்ஸில் நல்லமுத்து கண்டக்டர். மனசு பெரிசு, உடம்பு அதைவிடப் பெரிசு. கொஞ்ச நாளாக இரண்டு வரிசை சீட்டுக்கும் நடுவே போனால் திரும்பி வருவது பெரும்பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முன்படியிலிருந்து கடைசி சீட் வரை தடங்கலில்லாமல் நடந்து காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

உடம்பைக் குறைக்க வழி கேட்டுப் போன நல்லமுத்துவுக்கு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிடரியிலும் தோள்பட்டைப் பக்கத்திலும் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. குளிர் பட்டால் தோல் மூளைக்குச் சேதி சொல்லும். மூளை நரம்பு வழியாக உத்தரவு போடும். தைராய்டு சுரப்பியும் கூட நின்று உசுப்பிவிடும். உடனே பழுப்புக் கொழுப்பு மற்றக் கொழுப்பை வாங்கி எரித்து உடம்பைச் சூடாக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், சாப்பாட்டைக் குறையுங்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது நல்லமுத்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

குளிர் என்றால் நல்லமுத்துவுக்கு ஆகாது. கூட்டாளிகள் ஒச்சப்பனும் பிச்சைமணியும் தீர யோசித்தார்கள்.

"மூளைக்கு வேண்டியது குளிரா, சேதியா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"சேதிதான். டாக்டரம்மாவே சொன்னாங்களாமே," என்றார் பிச்சைமணி.

"அப்ப குளிர்ல நான் உட்காருறேன். நீ நரம்பா இரு."

"நரம்புன்னா என்ன செய்யணும்?"

"ஓடணும், மாப்ளே."

மறுநாள் முதல் ஒச்சப்பன் ஐஸ் கம்பெனியில் பனிக்கட்டிமேல் உட்கார்ந்தார். அவர் பல் தந்தியடித்ததும் பிச்சைமணி தெருத்தெருவாக ஓடிவந்து, ரொம்பக் குளிருதாம் என்று நல்லமுத்துவின் காதில் சொல்வார். நல்லமுத்து பிடரியைத் தடவி, வேலையைப் பார் என்று உத்தரவு போடுவார். தைராய்டை உசுப்ப வேண்டுமே என்று தொண்டையிலும் ஒரு தட்டு தட்டுவார். சேதி கேட்டாலே அவருக்கு உடம்பு நடுங்கும். நடுக்கம் தீரச் சூடாக நாலு பஜ்ஜி தின்பார்.

வெள்ளிக்கிழமை முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, நல்லமுத்து சாமியைக் கும்பிட்டு நடந்தார். பாதி தூரம் போனார். அங்கேயே சிக்கிக்கொண்டார். முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள். அவர் அசையவில்லை, பஸ்தான் அசைந்தது.

முதலாளி புதுக் கண்டக்டரை வரவழைத்தார். புதியவர் ஏறிப் பார்த்து, இவரைத் தாண்டிப் போக வழியில்லை என்று இறங்கிப் போய்விட்டார். நல்லமுத்து நின்ற இடத்திலிருந்தே டிக்கெட் கிழித்தார், பயணிகள் கைமாற்றிக்கொண்டார்கள். வேலை தப்பியது. ஆனால் வீட்டுக்குப் போக வேண்டுமே.

"பாதி தூரம் வந்தாச்சுல்ல? வைத்தியம் பிடிச்சிருக்கு. விடக்கூடாது," என்று ஒச்சப்பன் மறுபடி ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பினார்.

பிச்சைமணி பாடுதான் திண்டாட்டம். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு அல்லவா சேதி கொண்டுவர வேண்டும்? சேதி பிந்தினால் கொழுப்பு சும்மா இருந்துவிடுமே என்று நல்லமுத்துவுக்குக் கவலை. டிரைவரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். மந்திக்குளத்து மினிபஸ் இப்போது பிச்சைமணி ஓடும் வேகத்தில்தான் போகிறது. அவர் மூச்சு வாங்க எங்கே உட்காருகிறாரோ, அதுதான் ஸ்டாப்.