வாயில்லாச் சாமி

ஆறுகளுக்கு மனிதர்கள் இன்னும் பெயர் வைக்காத காலம் அது. வெயிலும் மழையும் ஓயாத ஒரு காட்டுக்குள் அகலமான ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றின் அடியில், மணலுக்குள், ஒரு திருக்கை மீன் படுத்திருந்தது. கடலில் இருக்க வேண்டிய திருக்கைக்கு ஆற்றில் என்ன வேலை என்று குறுக்கே கேட்காதீர்கள். இருந்தது, அவ்வளவுதான்.

திருக்கை தாம்பாளம் போல வட்டமாக, தட்டையாக இருக்கும். கண் இரண்டும் முதுகுப் பக்கம். வாய் வயிற்றுப் பக்கம். வாலில் ஒரு விஷ முள். காலையில் மணலை வாரி மேலே போட்டுக்கொண்டு படுத்தால், பாதி மூடிய கண்கள் மட்டும் வெளியே தெரியும்.

அதே இடத்தில் இறால்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்கு விரால் மீனின் வாயைத் தெரியும். கெளுத்தியின் வாயைத் தெரியும். வாளையின் வாயைத் தெரியும். இந்தத் திருக்கைக்கு மட்டும் வாயே காணோம். வாய் இல்லாதவர் எப்படிச் சாப்பிடுவார்? சாப்பிடாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார்? சாமியார்தானே. இப்படி யோசித்து, வாயில்லாச் சாமி என்று பெயர் வைத்துவிட்டன.

சாமி பன்னிரண்டு வருஷமாகப் பட்டினி என்றது ஓர் இறால். இருபத்துநாலு வருஷம் என்றது இன்னொன்று. சாமிக்கு அப்போது வயது எட்டு. அதன் வாயைப் பார்த்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். திரும்பி வந்து சொல்லத்தான் யாரும் இல்லை.

இறால் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு இரண்டு நாள் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்த இரண்டு நாளும் எல்லா மீனுக்கும் அது பலகாரம். முன்பெல்லாம் பாறை இடுக்கில் ஒளிந்து கழற்றுவார்கள். சாமி வந்த பிறகு, பிள்ளைகள் முதல் ஓட்டைக் கழற்றுவது சாமி சன்னிதியில்தான் என்று வழக்கமாகிவிட்டது. விஷ முள்ளுக்குப் பயந்து வேறு மீன் எதுவும் அங்கே அண்டாது. நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, சில பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

அதற்கும் பதில் இருந்தது. கூட்டத்தின் தலைவர் நெடுமீசையார் என்ற கிழட்டு இறால். சாமி ஏதாவது சொன்னால் அர்த்தம் சொல்வது அவர்தான். முதல் பிள்ளை காணாமல் போனபோது, "நீரோட்டம் இழுத்துக்கிச்சு" என்றார். இரண்டாவது பிள்ளை போனபோது, "தாய்க்குப் பக்தி பத்தலை" என்றார். மூன்றாவது பிள்ளை போனபோது, "சாமி ஏத்துக்கிட்டாரு, குடுத்துவெச்ச பிள்ளை" என்றார்.

அந்த மூன்றாவது பிள்ளை செம்பாயியின் மகன். ஊரே வந்து அவளைக் கும்பிட்டது. அவளும் பெருமையாகத் தலையை ஆட்டினாள். எல்லோரும் போன பிறகு அழுதாள். அவளுக்கு மிஞ்சியது துள்ளி என்ற ஒரே மகள்.

ஒருநாள் காலையில் துள்ளியின் முதுகு ஓடு வெடிக்கத் தொடங்கியது. செம்பாயி மகளை இழுத்துக்கொண்டு, கும்பிட நின்றவர்களின் வரிசையைத் தாண்டி நேரே சாமி முன்னால் போய் நின்றாள்.

"சாமி, எம் மக முதல் ஓடு கழட்டப் போறா. எனக்கு இவ ஒருத்திதான். நீங்கதான் பாத்துக்கணும்."

திருக்கை அரைக் கண்ணைத் திறந்தது. பாவம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"இங்க விடாதேம்மா. நான் சாப்பிட்டுடுவேன்."

நெடுமீசையார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நம்ம பாவத்தையெல்லாம் சாமி சாப்பிட்டுடுவாராம்!"

கூட்டம் மீசையைத் தூக்கிக் கும்பிட்டது.

"இறாலைத்தாம்மா சொல்றேன்" என்றது திருக்கை. "நத்தை, புழு, நண்டுக் குஞ்சு எல்லாம் சாப்பிடுவேன். இறால்னா கொஞ்சம் கூடுதலாவே சாப்பிடுவேன்."

"இறால்னு சாமி சொல்றது நம்ம ஆணவத்தை" என்றார் நெடுமீசையார்.

கூட்டம் மறுபடியும் கும்பிட்டது.

"என் கண்ணு மேல இருக்கு, வாய் கீழ இருக்கு. என்ன சாப்பிடறேன்னு நானே பாக்கறதில்லை. பக்கத்துல ஒரு உசுரு துடிச்சா என் உடம்புக்குத் தெரிஞ்சிடும். அப்படியே அது மேல கவுந்து உக்காந்துடுவேன். அப்புறம் மென்னு முழுங்கிடுவேன்."

"ஆள் பாத்துச் செய்யாத கருணை!" என்று நெடுமீசையார் கண் கலங்கினார்.

கூட்டம் மூன்றாம் முறையும் கும்பிட்டது. செம்பாயி கும்பிடவில்லை. அவள் இன்னும் ஓர் அடி முன்னால் போனாள்.

"சாமி, போன மழைக்கு முந்தி ஒரு சின்னப் பையன் வந்தானே. என் பையன். அவனையும் சாப்பிட்டீங்களா?"

"பேரு கேக்கறதில்லை தாயி. சாப்பிட்டிருப்பேன்" என்றது திருக்கை.

நெடுமீசையார் தொண்டையைச் செருமினார். இதற்கு அர்த்தம் சொல்லக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. அதற்குள் செம்பாயி மகளை வாரி அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "சாமி குத்தம் ஆயிடும்! இனி ஊருக்குள்ள வராதே!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெருமையாகத் தலையாட்டிய தன்மேல்தான் அவளுக்குக் கோபம்.

ஒரு பாறை இடுக்கில் மகளைத் தள்ளிவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே துள்ளி ஓட்டைக் கழற்றினாள். முதலில் விரால் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்து வாளை வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. கடைசியாக வந்த கெளுத்தி மட்டும் போகவில்லை. செம்பாயியின் வலது கொடுக்கைக் கவ்வி இழுத்தது. அவள் கொடுக்கை விட்டுக்கொடுத்தாள், வாசலை விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கே சன்னிதியில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் கேட்ட கேள்வி சில தாய்மார்களின் காதில் நின்றுவிட்டது. "ஐயா, நீங்க உங்க ஓட்டை எங்க கழட்டறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நெடுமீசையார் வருஷா வருஷம் தம் வீட்டுப் பாறைக்குள் கதவடைத்துக்கொண்டுதான் கழற்றுவார். அதை எப்படிச் சொல்வது? "இந்த வருஷம் இங்கதான்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் ஊர் கூடிற்று. நெடுமீசையார் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முக்கி முனகி ஓட்டைக் கழற்றினார்.

"பெரியவரே, தள்ளிப் போயிடுங்க. எனக்குப் பசிக்குது" என்றது திருக்கை.

நெடுமீசையார் வெண்ணெய் உடம்போடு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பசின்னு சாமி சொல்றது என்னன்னா…"

திருக்கை கவிழ்ந்து உட்கார்ந்தது. மணல் கலங்கியது. மெல்லுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. சிந்தியதைப் பொறுக்கக் குட்டி மீன்கள் நாலைந்து ஓடி வந்தன. கூட்டம் அர்த்தத்துக்காகக் காத்திருந்தது. அர்த்தம் சொல்ல வேண்டியவர் உள்ளே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எல்லோரும் ஓடினார்கள். ஓடி வந்து பாறை இடுக்கின் முன்னால் நின்றார்கள். ஒற்றைக் கொடுக்கோடு நின்ற செம்பாயியிடம், "உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள்.

"அவரே சொன்னாரே" என்றாள் செம்பாயி.

"நாங்களும்தான் கேட்டோம்."

செம்பாயி திரும்பி, மகளின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். புது ஓடு கெட்டிப்பட்டிருந்தது. அப்போதுதான் மகனை நினைத்து, எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

ஆகையால், ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் உண்மையை, நமக்குப் பிடித்த அர்த்தத்துக்கு மாற்றாமல் அவன் சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும்.