மாற்றி வாசித்த பாடம்

வாசிக்க எழுந்தபோதே மாசிலாமணி முடிவு செய்திருந்தார், இன்றைக்கு உரிய பாடத்தைத் தொடுவதில்லை என்று.

எந்த ஞாயிற்றுக்கு எந்தப் பாடம் என்பதைத் திருச்சபை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. சனிக்கிழமை மாலையே அதை வாசல் பலகையில் எழுதிவிடுவார்கள். முறை வருகிறவர் வாசித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். இந்த வாரத்துப் பாடம், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, உன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் முதலில் போய்ச் சமாதானமாகு என்பது. அடுத்த வாரம் தேர்தலை வைத்துக்கொண்டு இதையா வாசிப்பது என்று மாசிலாமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முன்வரிசையில் வேட்பாளர் உட்கார்ந்திருந்தார். நூற்பாலை முதலாளியின் மருமகன். ஓட்டுக் கேட்கிற மாதத்தில் மட்டும் கர்த்தரை நினைக்கிற ரகம்.

தூணோரத்தில் தங்கையா இருந்தார். அந்தப் பக்கம் மாசிலாமணி பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகவே பார்ப்பதில்லை. பெரிய வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாம் நாள் கூட்டாளிகளை விட்டுவிட்டு ஆலைக்குள் போன மனுஷன் அவர். செவ்வாய்க்கிழமை மகள் வீட்டோடு போபாலுக்குப் போகிறார், இனி திரும்ப மாட்டார் என்று தெருவில் பேச்சு.

மாசிலாமணி பக்கங்களைப் புரட்டி, ஏழையின் முகத்தை நெரிக்கிற செல்வந்தரைத் தீர்க்கதரிசி சபிக்கும் இடத்துக்குப் போனார். நாற்பது வருஷம் தொழிற்சங்கத்துக்காக ஆலைவாசலில் பேசிப் பழகிய குரலில், வேட்பாளரின் கண்ணைப் பார்த்தே வாசித்தார். கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

ஆராதனை முடிந்ததும் வேட்பாளர் நேராக வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கணீர்னு இருந்துச்சு ஐயா. என்னை எதிர்த்து நிக்கிறவனை வேதத்துல அப்படியே உரிச்சு வச்சிருக்கு. நாளைக்கு நம்ம கூட்டத்துலயும் ஒரு தடவை வாசிக்கணும்."

மாசிலாமணிக்கு முகம் கருத்துப்போயிற்று. கையை உருவிக்கொண்டு ஆலயத்தின் பக்க அறைக்குப் போனார். போதகர் எபிராயீம் அங்கே அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

எபிராயீமுக்கு நாற்பது வயதுதான். மாசிலாமணிக்கு எழுபது. மூன்று முறை சிறைக்குப் போனவர், மந்திரிகளை 'நீ' என்று பேசியவர், இந்த ஒரு மனிதர் முன்னால் மட்டும் தாழ்ந்து நிற்பார். காரணம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கடைசிப் போராட்டத்தில், போதகர் பந்தலுக்கு வந்தார். ஜெபம் பண்ணவில்லை, புத்தி சொல்லவில்லை. கஞ்சி ஊற்றினார். போலீஸ் அள்ளிக்கொண்டு போனபோது தாமும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, தரையில் கிடந்த துண்டறிக்கையை எடுத்து முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படித்தார். படித்துவிட்டு இரண்டு சந்தேகம் கேட்டார். எழுதிய மாசிலாமணியிடம் அதுவரை ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை, அவருடைய சங்கத்தார்கூட. அடுத்த புதன்கிழமையே மாசிலாமணி வேதம் வாசிக்கப் பழக அவரிடம் போய் உட்கார்ந்தார். இன்றுவரை ஒரு புதன் தவறியதில்லை.

பாடத்தை மாற்றியதற்குப் போதகர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். கோபிக்கவில்லை. ஆகவே மாசிலாமணியே கேட்டார்.

"அவ்வளவு பெரிய வார்த்தை ஐயா. மலையே பிளந்துரும். அந்த வேட்பாளன் கணீர்னு இருந்துச்சுன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போறான். அவன் தோல்ல ஏன் ஏறல?"

போதகர் தம் வேதப்புத்தகத்தை விரித்து நீட்டினார். இன்றைக்கு உரிய பாடம்.

"இதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி. நான் இன்னும் கேக்கல."

மாசிலாமணி வாசித்தார். முதல் வரியில் ஆலைவாசல் குரல் இருந்தது. இரண்டாவது வரியில் இல்லை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு என்ற இடத்தில் நின்றுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தங்கையா செருப்பைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தார். முதுகு கூனிப்போயிருந்தது.

"மேல வாசிங்க."

"கருங்காலி ஐயா அவன்."

போதகர் அவர் நிறுத்திய வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அவன் உள்ள போனதாலதான் போராட்டம் உடைஞ்சுது. பதினெட்டுக் குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. எங்க சங்கத்துச் சவரிமுத்து தண்டவாளத்துல போய்ப் படுத்தான். இவனை நான் சகோதரன்னு சொன்னா அவங்களுக்கு என்ன பதில்?"

"பதில் எனக்கும் தெரியாது அண்ணாச்சி."

"அவன் செஞ்சது துரோகம்தானே?"

"துரோகம்தான்."

இதை மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. சமாதானம் சொல்வார், சண்டை போடலாம் என்று நினைத்திருந்தார். வெளியே தங்கையாவுக்குச் செருப்பு கிடைத்துவிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணி புத்தகத்தை மூடிக் கொடுத்தார். பாடம் நல்ல பாடம்தான், பொதுவாக ஜனங்களுக்கு ரொம்பத் தேவையானதுதான் என்று முணுமுணுத்தார்.

போதகர் எழுந்து வந்து தம் வலது கையை அவர் முன்னால் நீட்டினார்.

"அப்போ கணீர்னு இருந்துச்சுன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி."