காலிக் குடுக்கை

ஏரிக்கரைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. கோடையில் ஏரி வற்றிவிடும். அப்போது கூட்டம் செந்நாய்கள் திரியும் பொட்டல்வெளியைக் கடந்து மலையடிக்குப் போக வேண்டும். முன்னே குட்டிகள், நடுவே தாய்மான்கள், கடைசியில் நல்ல மூச்சுள்ள இளமான் ஒன்று போகும். செந்நாய் துரத்தினால் போக்குக்காட்டி வேறு பக்கம் இழுத்துச் செல்வது அந்தக் கடைசி மானின் வேலை. அது பெரிய கௌரவம்.

சித்திரன் என்ற இளமானுக்கு அந்த இடத்தின்மேல் ஒரே கண். ஓடுவதுதான் பிடிக்காது!

தலைவன் கருங்கொம்பன் இளமான்களை அழைத்தான். "இந்தத் தடவை வாய்ச்சவடாலை நம்பப் போவதில்லை. யார் எவ்வளவு ஓடியாடுகிறீர்கள் என்று அளக்கப் போகிறோம்!" என்றான்.

அளக்கும் பொறுப்பு ஏரிக்கரை மரத்தில் இருந்த மந்திக்குப் போனது. கை இருப்பது அதற்குத்தானே! ஒவ்வொரு இளமானின் கழுத்திலும் மணல் நிரப்பிய சுரைக்குடுக்கையை அது கொடியால் கட்டியது. குடுக்கையின் அடியில் சின்ன ஓட்டை. சும்மா இருந்தால் மணல் அடைத்துக்கொள்ளும், குலுங்கினால் கொட்டும்.

சித்திரன் இரண்டு துள்ளல் துள்ளினான். மூச்சு வாங்கியது. புங்கமர நிழலில் போய்ப் படுத்தான். ஈயை விரட்டக் கழுத்தை உதறியபோது மணல் பொலபொலவென்று கொட்டியது.

"அட! இதற்காகவா ஓட வேண்டும்?" என்று சிரித்தான். அன்றிலிருந்து படுத்தபடியே கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தான்.

நெட்டைக்காலி என்ற இளம் பெண்மானோ பொழுதெல்லாம் ஏரியைச் சுற்றி ஓடினாள். அலுங்காத ஓட்டம் அவளுடையது. அதனால் குடுக்கையில் பாதி மணல் அப்படியே இருந்தது.

மந்தி வந்து பார்த்தது. "சித்திரன் குடுக்கை காலி! அவன்தான் முதல்!"

"அவன் ஓடி நீ பார்த்தாயா?" என்று கேட்டாள் நெட்டைக்காலி.

"ஓடுவதை எதற்குப் பார்க்க வேண்டும்? குடுக்கையைப் பார்த்தால் போதாதா!"

கருங்கொம்பனும் தலையசைத்தான். கடைசி இடம் சித்திரனுக்குக் கிடைத்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் கிளம்பியது. பாதிப் பொட்டலில் செந்நாய்கள் வந்துவிட்டன.

"சித்திரா, இழுத்துக்கொண்டு போ!" என்று கத்தினான் கருங்கொம்பன்.

சித்திரன் பாய்ந்தான். முதல் கருவேல மரம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடினான். அதற்குமேல் நெஞ்சு அடைத்தது, கால் பின்னியது. உயிர்ப்பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

முன்னால் வந்த செந்நாய் சிரித்தது. "வருடா வருடம் கடைசி மான் எங்களை அலைக்கழிக்கும். இந்த வருடம் சாப்பாட்டையே அனுப்பியிருக்கிறார்களே!"

ஒரே கவ்வு! வால்நுனி போயிற்று.

நெட்டைக்காலி சட்டென்று திரும்பினாள். செந்நாய்களின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, அவற்றை முள்காட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு பறந்தாள். சித்திரன் தள்ளாடித் தள்ளாடிக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தான்.

"குடுக்கை எப்படியடா காலியானது?" என்று கேட்டான் கருங்கொம்பன்.

சித்திரன் மூச்சிரைக்கக் கழுத்தை ஒரு தடவை ஆட்டிக் காட்டினான்.

அதற்குள் நெட்டைக்காலி திரும்பி வந்தாள். "குட்டிகள் எல்லாம் பத்திரம்தானே?" என்று நிதானமாகக் கேட்டாள். அவள் கழுத்துக் குடுக்கையில் இன்னும் மணல் இருந்தது. கூட்டத்தோடு வந்திருந்த மந்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அளப்பவரை ஏமாற்றி வாங்கிய நல்ல பெயர், ஆபத்து வரும் நாளில் நம்மையே காட்டிக்கொடுத்துவிடும்.