சுருக்கை அவிழ்க்கும் நொதி

வேணியைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை. கல்யாணப் பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பா தணிகாசலம்.

பந்தல்காரர் காசிலிங்கம் வண்டியோடு வாசலில் நின்றார். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பிலோமினா வாத்தியாரம்மா. வங்கி வேலையை விட்டுவிட்டு மரபணு ஆராய்ச்சிக்கு வந்த தணிகாசலத்துக்கு அவர்தான் குரு. வயசு என்னவோ ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா," என்றார் காசிலிங்கம். "நாளைக்குப் பின்தெருவிலே கல்யாணம். இதைப் பிரிச்சுத்தான் அங்கே கட்டணும். ஐயா விடமாட்டேங்கிறார்."

"ரெண்டு நாள் நிக்கட்டும்யா. ஓடியா போயிடும்?" என்ற தணிகாசலம் பேச்சை மாற்றினார். "அம்மா, நீங்க எனக்கு ஆராயக் கொடுத்தீங்களே ஒரு மரபணு, அதிலே ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"செல்லு ஆர்.என்.ஏ.விலே வேண்டாத துண்டை வெட்டி எறியுது. மிச்சத்தை ஒட்டிச் சேதி அனுப்புது. எறிஞ்ச துண்டு சுருக்குப் போட்ட கயிறாட்டம் கிடக்கு. அந்தச் சுருக்கை அவிழ்க்கன்னு ஒரு நொதி. அந்த நொதியைச் செய்ய இந்த மரபணு. காரியம்தான் முடிஞ்சுபோச்சே, அது பாட்டுக்குக் கிடந்துட்டுப் போகட்டுமே?"

வாத்தியாரம்மா பந்தலை அண்ணாந்து பார்த்தார். அவரை எழுப்பிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். பந்தல்காலில் இருந்த கயிற்று முடிச்சில் விரலை வைத்தார். ராத்திரி மழையில் ஊறி இறுகிக் கிடந்தது அது.

"விழுந்துவைக்காதீங்கம்மா! அவ்வளவு அவசரம்னா அறுத்தே போடுங்க!" என்றார் தணிகாசலம்.

"ஐயையோ, அறுக்காதீங்க! நாளைக்கும் இதே கயிறுதான்!" என்று காசிலிங்கம் கத்தினார்.

வாத்தியாரம்மா நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார்.

தணிகாசலம் தரையைப் பார்த்தார். "இங்கேதாம்மா வேணி பாண்டி ஆடுவா. அவ அம்மா சோத்துக் கிண்ணத்தோட பின்னாலேயே அலைவா. 'ஒரு வாய்டி, ஒரே வாய்டி'ம்பா. அந்த மகராசியும் போய்ச் சேர்ந்துட்டா. நேத்துதான் இந்த வாசல்லே மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டுது."

முடிச்சு விட்டது. துணி ஒரு பக்கம் சரிந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் விழுந்தது.

"இதையும் அவிழ்த்துட்டா எனக்கு என்னம்மா மிஞ்சும்?"

வாத்தியாரம்மா இறங்கிவந்து அவிழ்ந்து வந்ததை அவர் கையில் கொடுத்தார்.

"கயிறு."

தணிகாசலம் அந்தக் கயிற்றை நீவிவிட்டார். பிறகு அதை முழங்கையில் சுற்றிக்கொண்டே வண்டியைப் பார்த்து நடந்தார்.