பதினோரு ஸ்க்ரீன்ஷாட்

"ஆதாரம் இருக்குதுங்க தாயீ. பதினோரு ஸ்க்ரீன்ஷாட்."

தெய்வசிகாமணி செல்போனைத் தாயீயின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

தாயீ ஒரு பார்வை பார்த்தாள். வாங்கவில்லை. மறுபடியும் மொச்சைக்காய் உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மடத்தில் எல்லோரும் அவளைத் தாயீ என்றுதான் கூப்பிடுவார்கள். வயசு முப்பத்து நாலு. அவளுடைய சீடர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தாறு. அவர் அவள் காலில் விழுவார், அவள் அவரை அண்ணா என்பாள். இது சரிப்படாது என்று நினைத்தவர்கள் மடத்துக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

"எதுக்கு ஆதாரமுங்கண்ணா?"

"என் தங்கச்சி பேசுன பேச்சுக்குங்க."

தங்கச்சி பேர் மரகதம். அவள் மகளுக்கு மறுநாள் காலையில் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பொண்ணு மணவறை ஏறும். அந்த மாமன், கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூணு மணிக்கு, மடத்துச் சமையல்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பத்திரிகையைப் பாத்தீங்களா தாயீ? தாய்மாமன் பேரு கடைசிப் பக்கத்துலீங்க. எனக்கு முந்தி மாப்பிள்ளையோட சித்தப்பன் பேரு, அவனோட மச்சினன் பேரு. நான் யாருங்க, பந்தல் போட வந்தவனுங்களா?"

"கேட்டீங்களா?"

"கேட்டு மெசேஜ் போட்டனுங்க. அதுக்குத்தான் இந்தப் பேச்சு. ஒம்பது நாளாப் பேசறா. நான் ஒரு வார்த்தை பதில் போடலீங்க. வர வர எல்லாத்தையும் படம் புடிச்சு வெச்சுட்டேன்."

மடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் இவர் ஒருத்தர்தான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

"அவ அழிச்சாலும் அழிக்க முடியாதுங்க. போன்ல ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்குனா முடிஞ்சுது. அதையே டேப்லெட்டுல ஏத்திட்டேன். மடத்துக் கம்ப்யூட்டர்லயும் ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கறனுங்க."

"ஃபோல்டருக்குப் பேரு?"

"ஆதாரம்."

தாயீ ஒரு காயைப் பிதுக்கினாள். மூணு கொட்டை விழுந்தது.

"இதையெல்லாம் சொந்தக்காரங்க குரூப்புல போட்டுடலாம்னு இருக்கறனுங்க. நூத்தி எண்பது பேர் இருக்கறாங்க. நாளைக்கு மாமன் ஏன் வரலைன்னு ஒருத்தன் என்னைக் கேக்கக் கூடாது பாருங்க."

"போட்டா?"

"போட்டா முடிஞ்சுதுங்க."

"எது?"

அவர் போனை மடியில் வைத்தார்.

"போடட்டுங்களா, வேண்டாமுங்களா? அதைச் சொல்லுங்க தாயீ. நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

"வாசிங்க."

"நீங்களே பாருங்களேன்."

"கை ஈரமுங்கண்ணா. வாசிங்க."

தெய்வசிகாமணி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். முதல் படத்தைத் திறந்தார்.

"'உனக்குத் தங்கச்சி வேண்டாம். பத்திரிகையில பேருதான் வேணும்.' பாருங்க தாயீ. பொறந்ததுல இருந்து என்னை நீங்கன்னு பேசுனவ. இப்ப உனக்குங்கறா. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சுங்க."

மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"'அப்பா செத்தப்பறம் நீதான் அப்பன்னு நெனச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கோணும்.' அவ்வளவுதானுங்க இந்தப் படத்துல."

"இன்னும் இருக்குதுங்களே."

"இல்லீங்க. முடிஞ்சுது."

"மேல இருந்து வாசிங்க. ஒண்ணையும் விடாம."

"மேல மணி காட்டுதுங்க. ஏழு நாப்பத்திரண்டு. சார்ஜு பத்தொம்பது." அவருக்குச் சுள்ளென்று வந்தது. "இதையெல்லாமா வாசிக்கறது?"

"படத்துல இருக்குதில்லீங்க?"

"இருக்குதுங்க. அப்புறம் அவ பேரு. அம்மிணின்னு போட்டு வெச்சிருக்கறனுங்க. சின்னதுல இருந்து அப்படித்தான் கூப்பிடறது."

"இதுக்கு முந்தி நீங்க போட்ட மெசேஜு?"

"அது மேல போயிடுச்சுங்க. படத்துல வரலை."

"பதினொண்ணுலயும்?"

"பதினொண்ணுலயும் வரலீங்க."

தாயீ ஒரு புழு விழுந்த காயை எடுத்துத் தனியாக வைத்தாள்.

தெய்வசிகாமணி தங்கச்சி எழுதிய ரெண்டையும் மறுபடி வாசித்தார். இந்தத் தடவை வேகமாக வாசித்தார்.

"முடிஞ்சுதுங்க தாயீ."

"இன்னும் இருக்குது."

"எங்கீங்க இருக்குது? கீழ எழுதற கட்டம்தான்..."

நிறுத்தினார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

கட்டத்துக்குள் ஒரு வரி இருந்தது. அவரே எழுதினது.

அடுத்த படத்தைத் தள்ளினார். மணி வேறே, சார்ஜு வேறே, தங்கச்சியின் ஏச்சு வேறே. கீழே அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி. பதினோராவது வரைக்கும் தள்ளிப் பார்த்தார்.

"அட ஆண்டவனே."

"வாசிங்கண்ணா."

"'மாலைக்கு என்ன பூ வேணும்னு பாப்பாவைக் கேட்டுச் சொல்லு அம்மிணி.'"

அடுப்பில் உலை கொதித்தது. தாயீ எழுந்துபோய் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கோவத்துல அந்த மெசேஜைப் போட்டுட்டேன் தாயீ. அரை மணி நேரம் கழிச்சு மனசு கேக்கலை. இதை அடிச்சேன். அனுப்பறதுக்குள்ள அவ பதில் வந்து விழுந்துருச்சு. பாத்ததும் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சுங்க. விரல் அனுப்பறதுக்குப் போகலை, படம் புடிக்கப் போயிருச்சு."

"அந்த வரி இன்னும் அங்கயே இருக்குதுங்களா?"

அவர் படங்களை விட்டு வெளியே வந்தார். 'அம்மிணி'யைத் திறந்தார்.

இருந்தது. ஒன்பது நாளாக அனுப்பாமல் கிடந்தது.

பக்கத்தில் அம்புக்குறி. அவர் கட்டைவிரல் அதற்கு மேலே நின்றது. தாயீ ஏழெட்டுக் காய் உரித்துவிட்டாள்.

"எந்தப் பட்டனுன்னு தெரியலீங்களா? கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாச்சே நீங்க."

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அம்புக்குறியை அமுக்கிவிட்டார்.

ரெண்டு டிக் விழுந்தது. உடனே நீலமாயிற்று. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

மரகதம் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. மறுபடி நின்றது.

பதில் வந்தது.

"சம்பங்கிங்கண்ணா. மரிக்கொழுந்து வெச்சுக் கட்டோணுமாம்."

அவருக்கு எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று. பழகின விரல் ரெண்டும் தானாகவே போனின் ஓரத்துக்குப் போய் அந்த ரெண்டு பட்டனையும் தேடின.

மொச்சைத்தோல் ஒட்டிய ஈரக்கை ஒன்று அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"பூக்கடை எத்தனை மணிக்குச் சாத்துவாங்கண்ணா?"